சிப்பம் கட்டிய மாலையில்



போன மாத இதழைத் தபாலில் சேர்க்கச் சிப்பம் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு தாயார் தொலைபேசியில் அழைத்தார்கள். மகன் வளைகுடாவில் வேலை செய்கிறான். இரவு வானத்தில் ஏவுகணை சீறிப் போவதை மொட்டைமாடியிலிருந்து படம் பிடித்து அனுப்பியிருக்கிறான். "ஐயா, ஆண்டவர் இதையெல்லாம் பார்த்துக்கிட்டுத்தானே இருக்காரு?" என்று கேட்டார்கள். "பார்த்துக்கிட்டுத்தான் இருக்காரும்மா" என்று சொல்லி, அவர்களோடு ஜெபித்தேன். சொன்னதை நான் முழு மனதோடு நம்புகிறேன். ஆனாலும் அழைப்பு முடிந்ததும் வேலை ஓடவில்லை. ஒரு பக்கம் உக்ரைன், ஒரு பக்கம் காசா. இங்கே நான் பசை தடவி விலாசச் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறேன். இது யாருக்கு என்ன செய்துவிடும்?

அப்போது தரங்கம்பாடிக்கு வந்த அச்சு இயந்திரம் நினைவுக்கு வந்தது. அச்சுத் தொழிலோடு வாழ்கிறவனுக்கு அந்தக் கதை அலுப்பதில்லை.

மிஷனெரி சீகன்பால்கு 1706-இல், டேனிஷ்காரர் ஆண்ட தரங்கம்பாடியில் கரையிறங்கினார். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார். அடுத்த மாதமே டேனிஷ் ஆளுநர் அவரைப் பிடித்துச் சிறையில் அடைத்தார். நான்கு மாதம் கழித்து வெளியே வந்தவர், மறுபடியும் அந்த வேலையில் உட்கார்ந்தார். 1711 மார்ச்சில் மொழிபெயர்ப்பு முடிந்தது. அச்சிட ஊரில் இயந்திரம் கிடையாது.

அதே 1711-இல் லண்டனிலிருந்து நண்பர்கள் ஓர் அச்சு இயந்திரத்தைக் கப்பலேற்றினார்கள். இங்கிலாந்தும் பிரான்சும் மோதிக்கொண்டிருந்த காலம். பிரேசிலில் ரியோ டி ஜெனிரோ துறைமுகத்தில் கப்பல் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கியது. மீட்புப் பணம் கொடுத்த பிறகே பயணம் தொடர்ந்தது. இயந்திரத்தோடு வந்த அச்சர் தரங்கம்பாடியைப் பார்க்காமலே வழியில் இறந்துபோனார். 1712-இல் இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. அங்கிருந்த டேனிஷ் கோட்டைச் சிப்பாய்களில் ஒருவருக்கு அச்சு வேலை தெரிந்திருந்தது! ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை; தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது.

அந்த அச்சரின் மரணத்தை, "எல்லாம் நன்மைக்கே" என்று ஒரே வரியில் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. அவரை வழியனுப்பிவிட்டுக் காத்திருந்தவர்கள் இருந்திருப்பார்களே. தேவனுடைய ஆளுகையை நாம் துக்க வீட்டில் அவசரப்பட்டுப் பேசிவிடுகிறோம். அழுகிறவர்கள் முதலில் அழட்டும்.

என்னைத் தாங்குவது இதுதான். மன்னர்களின் சண்டையில் சீகன்பால்குக்கு ஒரு சொல்லும் இல்லை. நடுக்கடலில் நடப்பதை அவர் தடுத்திருக்கவும் முடியாது. தன் பங்குக்கு அன்றன்றைய வசனங்களைத் தமிழாக்கி முடித்துக்கொண்டே வந்தார். இயந்திரம் வந்து இறங்கியபோது கைப்பிரதி ஆயத்தமாக இருந்தது. கடலும் துறைமுகமும் அரசர்களும் யார் கையில் இருந்தார்களோ, அவர் கையில்தான் அந்தக் கைப்பிரதியும் இருந்தது.

ஞாயிறு பள்ளியில் நான்கே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் தங்கையே, மழையிலும் ஆஸ்பத்திரி வார்டுக்குப் போய் ஜெபித்துவிட்டு வரும் ஐயா, உங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். அன்று மீதிச் சீட்டுகளையும் ஒட்டி முடித்தேன். மறுநாள் காலையில் சிப்பங்கள் தபால் நிலையம் போயின.

வெள்ளிக்கிழமை மாலைகளில் அலுவலகத்தில் கூடி ஜெபிக்கிறோம். வளைகுடாவிலும் போர் நடக்கும் மற்ற இடங்களிலும் உங்கள் பிள்ளைகள் இருந்தால், பெயர்களை ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். அந்தத் தாயாரின் மகன் பெயரை நோட்டில் முதல் வரியில் எழுதியிருக்கிறோம்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் ஆசிரியர்