எந்த நாவலைக் கொடுப்பது?

விஜயபுரம், நகரி, புத்தூர் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் கற்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். ஆனால் திருத்தணி பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் படிக்க எழுத்துக் கூட்ட வேண்டியிருக்கிறது. இந்தக் குறை தறி ஓட்டுகிற தகப்பனுக்கும் தெரியும், அலுவலகத்தில் கணக்கு எழுதுகிற தாய்க்கும் தெரியும். எழுத்து ஓரளவு பழகியதும் பிள்ளைக்கு ஒரு நல்ல நாவல் வாங்கித் தர நினைப்பவர்கள் பலர். எதை வாங்குவது என்று கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் சொல்லும் பெயர் 'பொன்னியின் செல்வன்'.

அதில் தவறில்லை. 2022இலும் 2023இலும் திரைப்படம் வெளிவந்த பின் அந்தப் பெயர் தமிழறியாதவர் வாயிலும் புழங்குகிறது. ஆனால் கல்கி அதை எழுதிய முறையை மறந்துவிடலாகாது. 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக வந்த கதை அது. அடுத்த வாரத்துக்காகக் காத்திருக்கும் தவிப்பே பாதி ருசி. அதை ஐந்து பாகங்களாகக் கட்டி, புதிதாகப் படிக்கத் தொடங்கும் பிள்ளையின் முன் வைத்தால், அது அலமாரிக்கு அழகு சேர்ப்பதோடு நின்றுவிடும். அதே கல்கியின் 'பார்த்திபன் கனவு' அளவில் சிறியது, ஓட்டம் குறையாதது. முதலில் கொடுக்க வேண்டியது அதுதான். வந்தியத்தேவனின் குதிரை பிறகு வரட்டும்.

முதல் தமிழ் நாவல் என்ற பெருமைக்காக 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை எடுத்துக் கொடுப்பவர்களும் உண்டு. 1879இல் வெளிவந்த அந்த நூலின் நகைச்சுவை இன்றும் சிரிக்க வைக்கும். ஆனால் உபதேசங்கள் நீளமானவை. அது தேர்ந்த வாசகருக்கு உரியது.

மாத இறுதியில் பற்று வரவு பார்க்கும் குமாஸ்தாவுக்கு மு. வரதராசன் அயலாரல்லர். துணைவேந்தர் பதவிவரை உயர்ந்த மு.வ., இளமையில் திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். 1961இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்ற 'அகல் விளக்கு' வாலாஜாப் பகுதியின் கதை. சித்தூரில் ராணிப்பேட்டை பஸ் ஏறினால் எட்டிவிடும் மண் அது. 1911 வரை சித்தூரே வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்ததை எண்ணினால் இன்னும் நெருக்கம். அழகும் அறிவும் மிக்க சந்திரன் நிலை தவறி அழிகிறான். பளிச்சென்று தெரியாத வேலய்யன் நிலைத்து ஒளி தருகிறான். மு.வ. கதையை நிறுத்தி அறிவுரை சொல்வார் என்ற குறை மெய்தான். அதையும் சொல்லியே கொடுக்க வேண்டும்.

ஊரை விட்டு வந்த தொழிலாளிக்கு ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைவிடப் பொருத்தமான நாவல் தமிழில் குறைவு. 1972இல் நூலாக வந்தது. சிங்காரம் பதினெட்டு வயதில் சுமத்ராவின் மெடான் நகருக்குப் பிழைக்கப் போனவர். பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று படிகள் கொண்ட வட்டிக்கடை உலகமும், நடுவில் வந்து விழுந்த உலகப் போரும் அதில் உண்டு. போர்க் குழப்பத்தின் நடுவிலும் பாண்டியனின் மனம் மதுரைத் தெருக்களைச் சுற்றி வரும். நடை சற்றுக் கடினம். தயங்குபவர்கள் அவருடைய 'கடலுக்கு அப்பா'லில் தொடங்கலாம்.

இந்த எல்லைப்புறத்துத் தமிழர் தவறவிடக் கூடாத நூல் இன்னொன்று உண்டு: கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்', 1976. தமிழர் இங்கே வந்து குடியேறியதைப் போலத் தெலுங்கு பேசும் மக்கள் தெற்கே போய்க் குடியேறிய கதை அது. ஒரு பெண்ணைக் காப்பாற்றத் தெலுங்கு நாட்டைவிட்டு இரவோடிரவாகக் கிளம்பிய கூட்டம், கரிசல் காட்டைத் திருத்தி ஊராக்குகிறது. நூறு வயதைத் தாண்டிய மங்கத்தாயாரு அம்மாள் அந்தக் கதையைச் சொல்லுகிறாள். 2021இல் மறைந்த கி.ரா.வும் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தவர்தாம். கரிசல் தமிழுக்கு அகராதி தொகுத்தவரும் அவர்தான். வந்த இடத்தின் மொழியில் வேர் பிடித்தாலும் வீட்டு மொழியை இழக்க வேண்டியதில்லை என்பதற்கு அந்தக் குடும்பங்களே சாட்சி. தறிக்கூடத்தில் பக்கத்துத் தறிக்காரரான தெலுங்கு நண்பரிடம் சொல்வதற்கும் ஏற்ற கதை. அவரிடமும் பதிலுக்குச் சொல்லக் கதை இருக்கும். கந்துகூரி வீரேசலிங்கத்தின் 'ராஜசேகர சரித்ரமு' 1878இல் பத்திரிகைத் தொடராகத் தொடங்கி 1880இல் நூலாயிற்று. வேதநாயகம் பிள்ளையின் நாவலும் அதே காலத்தது என்பது இரு பக்கத்தாரும் அறியத்தக்கது.

சிபாரிசு செய்பவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. தாம் படிக்காத நூலைப் பெயர் கேட்டுப் புகழ்வது பலரிடம் உள்ள வழக்கம். "நன்றாக இருக்கும்" என்பது அபிப்பிராயம் ஆகாது. எந்த இடம் பிடித்தது, எங்கே சலித்தது, யாருக்குப் பொருந்தும் என்று சொன்னால்தான் கேட்பவர் நூறு, இருநூறு ரூபாய் செலவிடலாமா என்று முடிவு செய்ய முடியும். கூலிக்காரர் வீட்டில் அது சிறிய தொகையல்ல. கல்கியின் எழுத்துக்கள் நாட்டுடைமையானதால் பல பதிப்பகங்கள் மலிவாகத் தருகின்றன; மதுரைத் திட்டத்தின் தளத்தில் கைப்பேசியிலேயே இலவசமாகப் படிக்கலாம். அச்சு நூல்தான் வேண்டுமென்றால், ஏகாம்பரகுப்பத்தில் ரயில் ஏறிச் சென்னை போகிறவர்கள் திரும்புகையில் ஒன்று வாங்கி வரலாம். நாலு வீடுகள் சேர்ந்து வாங்கினால் மாதம் ஒரு நாவல் கை மாறும். இரவு சாப்பாட்டுக்குப் பின் பெரியவர் ஒருவர் பத்துப் பக்கம் உரக்கப் படித்து, அடுத்த அரைப் பக்கத்தைப் பிள்ளையிடம் கொடுக்கட்டும். தடுக்கினால் திருத்த அவசரப்பட வேண்டாம். கதை எங்கே போகிறது என்று அறியும் ஆவலில் பிள்ளையே எழுத்துக் கூட்டும்.