எல்லாம் அடக்கம்

"வாடகை ஏழாயிரம். கரண்டு, தண்ணி எல்லாம் அதுலயே அடக்கம் தம்பி."

நாமக்கல்லில் வேலைக்குச் சேர்ந்தபோது இதைக் கேட்டு மகிழ்ந்தேன். அதற்கு முன் பார்த்த நான்கு வீடுகளில் "சொந்த ஊர் எது?" என்று தொடங்கி "அங்க எந்தத் தெரு?" என்பதில் பேச்சு முடிந்திருந்தது. முட்டைக்குப் பேர்போன ஊரில் "கவுச்சி ஆகாது" என்றவர்களும் உண்டு. இந்த வீட்டுக்காரர் எதுவும் கேட்கவில்லை.

மூன்றாம் மாதம் என் அறைச் சுவரில் அம்பேத்கர் படத்தைப் பார்த்தார். அந்த வாரத்திலிருந்து காலையில் அரைமணி நேரம்தான் மோட்டார் ஓடியது. கேட்டால், "தண்ணிக்குத் தனியா காசா வாங்குறேன்?" என்றார். ஒப்பந்தம் இல்லை, ரசீது இல்லை, மீட்டரும் அவர் பெயரில். காசு கொடுத்து வாங்கிய தண்ணீர் அவர் போடும் பிச்சையாகிவிட்டது. 'அடக்கம்' என்றால் நாம் அடங்கி இருப்பது என்று அப்போதுதான் புரிந்தது.

1917இல் பரோடா அரசுப் பணிக்குப் போன அம்பேத்கர், பார்சி விடுதியில் பெயரை மாற்றிக்கொண்டு தங்கினார். சாப்பாடும் அறையும் சேர்த்து நாளுக்கு ஒன்றரை ரூபாய். 11ஆம் நாள் தடிகளோடு வந்து வெளியேறச் சொன்னார்கள். இன்று தடி தேவையில்லை. மோட்டார் சுவிட்ச் போதும்.

தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்குக் குறிப்பிட்ட அளவு மின்சாரம் இலவசம். தனி மீட்டர் இல்லாத வாடகைக்காரருக்கு அந்தச் சலுகையும் வீட்டுக்காரர் கணக்கில்தான். 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தைக் கேட்கிறது. குடிநீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது என்கிறது. ஆனால் சாதி பார்த்து வீடு மறுப்பவரை என்ன செய்வது? அரசமைப்பின் 15(2) பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம் என்று பட்டியலிடுகிறது. வாடகை வீடு அதில் இல்லை.

வீட்டுக்கு வீடு தனி மீட்டர், தண்ணீர் நேரம் எழுதிய ஒப்பந்தம், சாதி கேட்டு வீடு மறுத்தால் தண்டனை: இவை நம் கோரிக்கைகள் ஆகட்டும்.

சட்டம் வரும்வரை ஒன்று செய்யலாம். ஆதிக்கச் சாதியில் பிறந்த தோழர்களே, "நீங்க என்ன ஆளுங்க?" என்று வீட்டுக்காரர் கேட்டால் பதில் சொல்லாதீர்கள். நீங்கள் சொல்லும் பதில் உங்களுக்குச் சாவி வாங்கித் தரும். எங்களுக்குக் கதவைச் சாத்தும்.