எண்ணெய் சொட்டும் செயின் நல்ல செயின் அல்ல

செயினில் எண்ணெய் சொட்டினால்தான் சைக்கிள் நல்ல பராமரிப்பில் இருக்கிறது என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கிரீச்சென்றால் எண்ணெய் விடு, மிதிக்கக் கனத்தால் இன்னும் விடு. பழைய இன்ஜின் ஆயிலே போதும் என்பவர்களும் உண்டு. செயின்களைத் தின்று தீர்ப்பது இந்தப் பழக்கம்தான்.

செயின் தேய்வது வெளித்தகடுகளில் அல்ல. கணுக்களைக் கோக்கும் பின்னும் அதைச் சூழ்ந்த துளையும் உரசும் இடத்தில். எண்ணெய் அங்கே இருந்தால் போதும். தகடுகளின் மேல் வழிவது புழுதியைத்தான் பிடித்து வைக்கிறது. மணலோடு குழைந்த அந்தக் கறுப்புப் பசை உப்புத்தாளைப் போல எஃகை அராவுகிறது. துடைக்காமல் மேலே மேலே விடும் எண்ணெய் அதை உள்ளேயும் கொண்டு சேர்க்கிறது. இன்ஜினிலிருந்து வடித்த ஆயிலில் உலோகத் துகள் ஏற்கெனவே கலந்திருக்கிறது.

முழு செயின் கவர் போட்ட பழைய வண்டிகளில் புழுதி அவ்வளவாக ஏறாது. இன்றைய கியர் சைக்கிளில் செயின் திறந்தே கிடக்கிறது. பழைய பழக்கம் இதற்குப் பொருந்தாது.

தேயத் தேயச் செயின் நீளும்; சந்தேகம் இருந்தால் அளந்து பாருங்கள். ஒரு கணு அரை அங்குலம். புதுச் செயினில் 24 கணு சரியாக 12 அங்குலம். உங்கள் செயினில் அதே 24 கணு 12 அங்குலத்தை ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தாண்டினால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு தாண்டிவிட்டால் பெரும்பாலும் பல்சக்கரமும் போயிருக்கும்.

வறண்ட சாலையில் ஓட்டுபவருக்கு என் பரிந்துரை மெழுகு. உருக்கிய பாரஃபின் மெழுகில் செயினை முக்கினால் மெழுகு உள்ளே இறங்கி ஆறியதும் கெட்டியாகிவிடும். புழுதி ஒட்ட ஈரம் இருக்காது. மெழுகு பந்தயக்காரர்களுக்கு மட்டும் என்பது தவறு. ஆனால் உழைப்பு உண்டு: முதலில் பழைய கிரீஸை முழுக்கக் கழுவிக் காயவைக்க வேண்டும், மெழுகை நேரடித் தீயில் அல்லாமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்க வேண்டும், மழையில் நனைந்தால் துடைத்து மறுபடி முக்க வேண்டும்.

தினமும் மழையில் போகிறவருக்கு எண்ணெயே சரி. செயினின் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு, பெடலைப் பின்னோக்கிச் சில சுற்று, பிறகு வெளிப்பக்கம் முழுவதும் உலர்ந்த துணியால் துடைப்பு.

இன்றே உங்கள் செயினை விரலால் தொட்டுப் பாருங்கள். கறுப்பு ஒட்டினால் எண்ணெய்ப் புட்டியைத் தேடாதீர்கள், துணியை எடுங்கள்.