மீனே இல்லாமல் மீன் பிடிக்கலாம்!

அரியலூர் மாவட்டம் காரைவெட்டி ஏரிக்கு 2024 ஜனவரியில் 'ராம்சார்' என்ற சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. இமயமலையைத் தாண்டி இங்கே வரும் பட்டைத்தலை வாத்துகளைத் தொலைநோக்கியில் பார்த்தே எண்ணிவிடலாம். தண்ணீருக்குள் இருக்கும் மீன்களை எப்படி எண்ணுவது?

வலை வீசலாம். ஆனால், ஆயிரம் கெண்டைகளுக்கு நடுவே நாலைந்தே இருக்கும் அரிய மீன் சிக்குமா? சிக்கினாலும் பிழைக்குமா?

அதனால் விஞ்ஞானிகள் மீனை விட்டுவிட்டு, தண்ணீரை எடுக்கிறார்கள். மீனின் உடம்பிலுள்ள வழவழப்பு, உதிரும் செதில், கழிவு எல்லாவற்றிலும் அதன் டி.என்.ஏ. இருக்கும். தண்ணீரை நுண்ணிய வடிதாளில் வடிகட்டி, அதில் தங்கும் டி.என்.ஏ.வைப் பிரித்து, பி.சி.ஆர். முறையில் பெருக்குகிறார்கள். ஆமாம், கொரோனா சோதனையில் கேள்விப்பட்டீர்களே, அதேதான்! பிறகு, ஏற்கனவே உள்ள பதிவேட்டுடன் ஒப்பிட்டால் மீனின் பெயர் தெரிந்துவிடும்.

2008ல் பிரான்ஸ் நாட்டில், குளத்துத் தண்ணீரை வைத்தே அங்கு வசித்த அமெரிக்கத் தவளையைக் கண்டுபிடித்தார்கள். நம் நாட்டில் ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தினர் ஒடிசாவின் சிலிகா ஏரியில் இம்முறையைச் சோதித்து, 2023ல் முடிவுகளை வெளியிட்டனர். ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் ராட்சத விலங்கு இருப்பதாகச் சொல்வார்களே, அந்தத் தண்ணீரையும் சோதித்தார்கள். 2019ல் வந்த முடிவு: விலாங்கு மீன் ஏராளம், ராட்சதன் இல்லை!

இதில் ஒரு சிக்கல் உண்டு. பதிவேட்டில் இல்லாத மீனை இந்தச் சோதனையால் அடையாளம் காட்ட முடியாது. காவிரியிலும் அதன் துணை ஆறுகளிலும் மட்டுமே வாழும் திமில் மஹ்சீரைப் பாருங்கள். 50 கிலோவுக்கு மேல் வளரும். தூண்டில்காரர்களுக்கு நூறாண்டுக்கும் மேலாகத் தெரிந்த மீன். அப்படியிருந்தும் அதன் சரியான அறிவியல் பெயர் 2018ல்தான் உறுதியானது. அதே ஆண்டில், அழிவின் விளிம்பில் இருக்கும் மீன் என்றும் அறிவித்தார்கள். இத்தனை பெரிய மீனுக்கே இந்தக் கதி என்றால், விரல் நீள மீன்களின் நிலை?

இன்னொன்று. காரைவெட்டிக்கு வாய்க்கால் வழியே வருவது காவிரித் தண்ணீர். அதில் கிடைக்கும் டி.என்.ஏ. ஏரி மீனுடையதா, மேலே எங்கோ இருந்து மிதந்து வந்ததா, யாரோ கரையில் மீன் கழுவியதா? எத்தனை மீன் இருக்கிறது என்றும் துல்லியமாகச் சொல்ல முடியாது.

ஆக, வலையை இப்போதே பரணில் போட முடியாது. அயிரை, ஆரல், உளுவை என ஒவ்வொன்றையும் ஒருமுறையாவது பிடித்து, துடுப்பில் நகக்கண் அளவு வெட்டி, பதிவேட்டில் ஏற்ற வேண்டும். எது எந்த மீன் என்று பார்த்தவுடன் சொல்ல, கொள்ளிடக் கரையில் வலை வீசும் தாத்தாக்களைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.