எண்ணெய் விடறதுக்கு எதுக்கு இவ்வளவு காசு?

செப்டம்பர் வந்தா டோம்பிவிலியில சொசைட்டிக்கு சொசைட்டி பொதுக்குழுக் கூட்டம். எங்க பில்டிங்ல இந்தத் தடவை மாட்டினது லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம். ஒருத்தர் எழுந்து, "வோ ஆத்மி ஆகே சிர்ஃப் தேல் டால்தா ஹை"ன்னார். வந்து எண்ணெய் மட்டும்தான் விட்டுட்டுப் போறான், அதுக்கு எதுக்கு வருஷாவருஷம் தண்டம், ஒரு டப்பா வாங்கி வாட்ச்மேன் கையில குடுத்தா முடிஞ்சது. பாதிக் கூட்டம் கை தட்டிச்சு. தட்டினதுல நம்ம ஆளுங்களும் உண்டு. அதனாலதான் இதைத் தமிழ்ல எழுதறேன்.

"எண்ணெய் மட்டும்தான்" என்ன பண்ணுதுன்னு பார்ப்போம். எவ்வளவு வழவழன்னு கடைஞ்ச இரும்பும் உருப்பெருக்கியில பார்த்தா மேடும் பள்ளமும்தான். ரெண்டு பரப்பு உரசும்போது மேட்டு நுனிகள் மட்டும் தொட்டுக்கும். மொத்த பாரமும் அந்த நுனிகள் மேல. அதுங்க ஒட்டிக்கிட்டு, அடுத்த கணம் பிய்யும். பிய்ஞ்ச துணுக்கு நடுவுல மாட்டி உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். நடுவுல எண்ணெய் இருந்தா ரெண்டும் தொடவே வேண்டாம்.

இதுல ஒரு அருமையான கதை இருக்கு. 1883-ல பிரிட்டன்ல பீச்சம் டவர்னு ஒரு இன்ஜினியர், ரயில் அச்சுக்கான பேரிங்கைச் சோதனை பண்ணினார். மேல எண்ணெய் விட ஒரு ஓட்டை. அச்சு சுத்த ஆரம்பிச்சதும் அது வழியா எண்ணெய் வெளியே பொங்குது. தக்கை வெச்சு அடைச்சார், தள்ளிடுச்சு. மரக்கட்டை அடிச்சார், அதையும் தள்ளிடுச்சு. சுத்தற அச்சே எண்ணெயை இழுத்துட்டுப் போய் அழுத்தம் உண்டாக்கி, மேல இருக்கிற பாரத்தைத் தூக்குது! 1886-ல ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதுக்குக் கணக்கு எழுதினார்.

ஆனா இந்தத் தூக்கல் வேகம் வந்தப்புறம்தான். கிளம்பும்போதும் நிக்கும்போதும் படலம் மெலிசாயிடும், தேய்மானம் அப்பதான் ஜாஸ்தி. லிஃப்டோ நாள் பூரா கிளம்பி நின்னு கிளம்பி நிக்கற ஜென்மம்.

ரயில்வேல வேலை பார்த்த பெரியவங்களைக் கேளுங்க. மாட்டுங்கா ஒர்க்‌ஷாப் 1915-லேர்ந்து பெட்டி பழுது பார்க்குது. நம்ம குடும்பங்கள்ல எத்தனை பேருக்கு அது சோறு போட்டிருக்கு! ஸ்டேஷன்ல வண்டி நின்னதும் சக்கரம் சக்கரமா குனிஞ்சு அச்சுப்பெட்டியைக் கையால தொட்டுப் பார்ப்பாங்க. சூடு ஏறியிருந்தா 'ஹாட் ஆக்சில்', பெட்டியைக் கழட்டணும். கவனிக்காம விட்டா அச்சே முறியும். அந்த மனுஷனும் பார்க்கிறவங்க கண்ணுக்கு "சும்மா தொட்டுட்டுப் போறவர்"தான்.

சரி, வாட்ச்மேன் விட்டா என்ன? தப்பு அவர் மேல இல்லை, எங்கே விடக்கூடாதுன்னு அவருக்கு யாரும் சொல்லித் தரலை. லிஃப்ட் ஏறி இறங்கற வழித்தண்டவாளத்துக்கு எண்ணெய் வேணும். ஆனா கம்பிவடம் கப்பியைப் பிடிக்கிறதே உராய்வாலதான். அங்கே கண்டபடி வழிஞ்சா வழுக்கும். பிரேக் டிரம்ல ஒரு சொட்டு கூட ஆகாது. ரயில்லயும் அப்படியே: வளைவுல வெளித் தண்டவாளத்தோட உள்பக்கத்துக்கு கிரீஸ் போடுவாங்க, மேல்பக்கம் பட்டா பிரேக் பிடிக்காது. உராய்வு எதிரி இல்லைங்க, இடம் தெரிஞ்சு வெச்சுக்கணும்.

எங்களோடது பழைய லிஃப்ட், மேல மோட்டார் ரூம்ல கியர் பெட்டி. அதுல பழைய எண்ணெயை வடிக்கும்போது தங்கத்தூள் மாதிரி மினுமினுக்கும். தங்கம் இல்லை சார், தேய்ஞ்ச வெண்கலச் சக்கரம். அதைப் பார்த்து, இன்னும் எவ்வளவு நாள் தாங்கும்னு சொல்ற கண்ணுக்குத்தான் நாம காசு குடுக்கறோம். எண்ணெய்க்கு இல்லை.

1966-ல பிரிட்டன்ல பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு, உராய்வு, தேய்மானம், மசகு மூணையும் ஒழுங்கா கவனிச்சா நாட்டுக்கு வருஷம் 51.5 கோடி பவுண்டு மிச்சம்னு அறிக்கை குடுத்தது. 'டிரைபாலஜி'ங்கற பேரே அதுலதான் பிரபலமாச்சு. நமக்கு அவ்வளவு பெரிய அறிக்கை வேண்டாம். வைக்கோல் கரியை எண்ணெயில குழைச்சு வண்டி மை போட்ட தாத்தாவுக்கே இது தெரியும். கிறீச்சுன்னு சத்தம் வர்றதுக்கு முன்னாடியே போட்டார் அவர்.

கேட் வளைவுக்கு சீரியல் லைட் போட வசூல் பண்ணா யாரும் கேள்வி கேக்கறதில்லை, ஏன்னா அது கண்ணுக்குத் தெரியுது. நல்லா நடந்த பராமரிப்போட அடையாளம், ஒண்ணுமே நடக்காததுதான். அதுக்குக் காசு குடுக்கத்தான் மனசு வரமாட்டேங்குது. ஆறாவது மாடியில முட்டிவலியோட இருக்கிற மாமியும், ஸ்கூல் பையோட தனியா ஏறற குழந்தையும் அந்த "ஒண்ணுமே நடக்காதது"லதான் தினம் போய் வராங்க. அடுத்த கூட்டத்துல ஒப்பந்தத்தை வெட்டச் சொன்னா, தயவுசெஞ்சு கை தூக்காதீங்க. வேணும்னா என்னென்ன செஞ்சாங்கன்னு மாசாமாசம் எழுதிக் குடுக்கச் சொல்லிக் கேளுங்க. அது நியாயமான கேள்வி.

அப்புறம், தையல் மெஷினுக்குத் தேங்காயெண்ணெய் விடற பழக்கத்தையும் விட்டுடுங்க. 24 டிகிரிக்குக் கீழ போனா அது உறைஞ்சிடும். ஜனவரி காலையில உங்க பாத்ரூம் அலமாரி பாட்டிலைக் கவுத்துப் பாருங்க, புரியும்.