முதலில் விதையைப் போடுங்கள், அப்புறம் படிக்கலாம்

 

ஆடி பிறக்கப் போகிறது. வருஷா வருஷம் இந்த நேரத்தில் எனக்கு இரண்டு விதமான செய்திகள் வரும். ஒன்று: "டீச்சர், மாடித்தோட்டம் போடலாம்னு ஆசை. எந்த வீடியோ பாக்கலாம்? எங்க வகுப்பு எடுக்கறாங்க?" இன்னொன்று: "டீச்சர், பையனுக்கு ஸ்கூல்ல செடி வளர்க்கிற ப்ராஜெக்ட். நாளைக்கே கொடுக்கணுமாம். என்ன பண்றது?"

இரண்டு பேருக்கும் என் பதில் ஒன்றுதான். போனைக் கீழே வையுங்கள். அஞ்சறைப் பெட்டியைத் திறந்து ஒரு பிடி வெந்தயம் எடுங்கள். அதைப் பிள்ளை கையில் கொடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அந்த "நாளைக்கே கொடுக்கணும்" என்பதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். எந்த விதையும் ஒரே ராத்திரியில் செடியாகாது. அதனால் என்ன நடக்கிறது? அப்பா நர்சரிக்குப் போய்ப் பூத்த செடி ஒன்றை வாங்கி வருகிறார். பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி, கையில் பூவாளியைக் கொடுத்துப் போட்டோ எடுக்கிறார்கள். அம்மா சார்ட்டில் ஒட்டி, "நான் வளர்த்த செடி" என்று அழகாகத் தலைப்பு எழுதுகிறார். முழு மதிப்பெண் வருகிறது. பிள்ளை செடியைப் பற்றி எதுவும் கற்கவில்லை. ஆனால் ஒன்றை நன்றாகக் கற்றுக்கொள்கிறது: செய்யாததைச் செய்ததாகக் காட்டினால் கைதட்டுவார்கள், அம்மா அப்பாவே அதற்கு உதவுவார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், இந்தப் பாடத்தைப் பிறகு அழிக்க எந்த ரப்பராலும் முடியாது.

நான் ஆசிரியர் பயிற்சி படித்தபோது ஃப்ரோபெல் என்ற ஜெர்மானியரைப் பற்றிப் படித்தோம். 1840இல் சிறு குழந்தைகளின் பள்ளிக்கு "கிண்டர்கார்டன்" என்று பெயர் வைத்தவர் அவர். குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். பேச்சுக்கு வைத்த பெயரில்லை. அவருடைய திட்டத்தில் நிஜமாகவே தோட்டம் உண்டு, ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனிப் பாத்தி உண்டு. நாம் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று சொல்கிறோமே, அந்தக் கடைசி எழுத்து தோட்டம்தான். இப்போது பல இடங்களில் அந்தத் தோட்டம் சுவரில் பெயிண்டாக இருக்கிறது. நம் நாட்டிலும் 1937இல் வார்தாவில் காந்தியடிகள் ஆதாரக் கல்வி என்று சொன்னது கைவேலை வழியாகப் படிப்பு வர வேண்டும் என்பதைத்தான். ஆகவே நான் புதிதாக எதுவும் சொல்லவில்லை. மறந்துபோனதை ஞாபகப்படுத்துகிறேன்.

சரி, எப்படி ஆரம்பிப்பது? முதல் முறை செய்பவர்கள் தக்காளி, ரோஜா என்று போகாதீர்கள். தக்காளி காய்க்க இரண்டரை, மூன்று மாதம் ஆகும். எட்டு வயசுப் பிள்ளைக்கு அது ஒரு யுகம். இந்த மூன்றில் தொடங்குங்கள்:

1. வெந்தயக்கீரை. ராத்திரி ஊறப்போட்டு, காலையில் மண்ணில் தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டு மூடுங்கள். மூன்று நான்கு நாளில் தலை காட்டும். இருபது, இருபத்தைந்து நாளில் சப்பாத்திக்குக் கிள்ளலாம். கடும் வெயில் ஆகாது, கொஞ்சம் நிழல் படும் இடத்தில் வையுங்கள்.

2. புதினா. கடையில் வாங்கிய கட்டிலேயே தடித்த தண்டாக நாலைந்து எடுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரில் வையுங்கள். பத்து நாளுக்குள் வெள்ளை வெள்ளையாக வேர் விடும். கண்ணாடி டம்ளராக இருந்தால் வேர் வருவதைப் பிள்ளை தினமும் பார்க்கும். பிறகு தொட்டிக்கு மாற்றலாம்.

3. தண்டுக்கீரை. விதை கடுகை விடச் சின்னது. ஒரு பிடி மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் கொட்டாது. ஒரு மாதத்தில் பறிக்கலாம்.

தொட்டி வாங்க வேண்டாம். பழைய பெயிண்ட் வாளி, அரிசிப் பை எதுவும் போதும். கீரைக்கு அரையடி ஆழம் தாராளம். அடியில் ஓட்டை கட்டாயம். மண்ணுக்கு, செம்மண் ஒரு பங்கு, நன்றாக மட்கிய சாணி உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. மாடியில் பாரம் ஏறக் கூடாது என்பதற்காகத்தான் நார்க்கழிவு.

புதிதாக வளர்ப்பவர்களின் செடிகள் பெரும்பாலும் தண்ணீர் இல்லாமல் சாவதில்லை, தண்ணீர் அதிகமாகித்தான் சாகின்றன. "ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் ஊத்தணும்?" என்று கேட்காதீர்கள். விரலை ஒரு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் சும்மா இருங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். இதை எந்த வீடியோவும் உங்கள் விரலுக்குக் கற்றுக்கொடுக்காது. ஒரு வாரம் விட்டுப் பார்த்தால் விரல் தானே கற்றுக்கொள்ளும்.

இதில் படிப்பு எங்கே என்று கேட்கும் மருமக்களுக்கும் சொல்கிறேன். இருபது விதையை எண்ணிப் போடச் சொல்லுங்கள். பதினேழு முளைத்தால் எத்தனை சதவீதம்? அது கணக்குப் பாடம். வாரம் ஒருமுறை ஸ்கேல் வைத்து அளந்து எழுதினால், பின்னாளில் வரைபடம் போடும்போது அது சொந்தக் கணக்காக இருக்கும்.

நம் பழைய மாணவி ஒருத்தி, பெயர் வேண்டாம், கோயம்புத்தூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். போன வருஷம் பூசணிக்கொடி வைத்தாள். பூவாகப் பூத்தது, ஒரு பிஞ்சும் நிற்கவில்லை. போன் பண்ணினாள். "பூவுக்குக் கீழே குட்டிக் காய் மாதிரி இருக்கிறதா, வெறும் காம்பா?" என்று கேட்டேன். போய்ப் பார்த்துவிட்டு, "டீச்சர், ரெண்டு மாதிரியும் இருக்கு!" என்றாள். வெறும் காம்போடு இருப்பது ஆண் பூ, குட்டிக் காயோடு இருப்பது பெண் பூ. நாலாவது மாடிக்குத் தேனீ வரவில்லை. காலையில் பூ விரிந்ததும் ஆண் பூவைக் கிள்ளி, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் அவள் மகள் தடவினாள். ஒரு வாரத்தில் பிஞ்சு பருத்தது. மகரந்தச் சேர்க்கை என்று அவள் என்னிடம் படித்தவள்தான், பரீட்சையில் படம் வரைந்து பாகம் குறித்தவள்தான். ஆனால் அந்தச் சொல் அவளுக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். அவள் மகளுக்கு ஏழு வயசிலேயே புரிந்துவிட்டது. சுரைப்பூ சாயங்காலம்தான் விரியும், அதற்கு மாலையில் போக வேண்டும் என்பதையும் அந்தச் சின்னவள் இப்போது எனக்கே பாடம் எடுக்கிறாள்.

இடமில்லை என்பீர்கள். ஜன்னல் ஓரம் ஒரு வாளிக்கு இடம் இருக்கும். தண்ணீர் இல்லை என்பீர்கள். அரிசி கழுவிய தண்ணீர் ஒரு தொட்டிக்குப் போதும். சோப்பு கலந்த தண்ணீர் மட்டும் வேண்டாம். கொசு வரும் என்பீர்கள். அது நியாயமான பயம். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். தொட்டிக்குக் கீழே வைத்த தட்டில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். அதைக் கவிழ்ப்பதையும் பிள்ளையின் வேலையாக்குங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. செடி சில சமயம் செத்துப்போகும். பிள்ளை அழும். அழட்டும். தயவுசெய்து ராத்திரியோடு ராத்திரியாக வேறு செடி வாங்கி அந்த இடத்தில் வைத்துவிடாதீர்கள். அது பாசம் போலத் தெரியும், ஆனால் பிள்ளையிடமிருந்து ஒரு பாடத்தைப் பிடுங்குகிறீர்கள். பட்டுப்போன செடியை இருவருமாகப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேர் பழுப்பாக, கொழகொழவென்று இருந்தால் தண்ணீர் மிஞ்சிவிட்டது. சுருங்கிக் காய்ந்திருந்தால் போதவில்லை. "அடுத்த தடவை என்ன மாத்தலாம்?" என்று மட்டும் கேளுங்கள். பதிலைப் பிள்ளை சொல்லட்டும். பரீட்சையில் ஒரு தடவை மார்க் குறைந்ததற்கே உடைந்துபோகும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். தோற்றால் மறுபடி விதைக்கலாம் என்பதை அவர்கள் எங்கேதான் பழகுவார்கள்?

என்னிடம் படித்து இன்று ஆசிரியர்களாக இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். இந்த ப்ராஜெக்ட்டுக்கு ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள். போட்டோ கேட்காதீர்கள், நாளுக்கு ஒரு வரி எழுதிய நோட்டைக் கேளுங்கள். கிறுக்கலாக, மண் கறையோடு இருந்தாலும் பரவாயில்லை. "இன்று செடி செத்துவிட்டது, நான் தண்ணீர் அதிகம் ஊற்றினேன்" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தால், பூத்த செடிக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணை அதற்கும் கொடுங்கள். அந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லியிருக்கிறது, காரணத்தையும் கண்டுபிடித்திருக்கிறது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு வாளி, ஒரு பிடி வெந்தயம், ஒரு பிள்ளை போதும். நீங்கள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். அதுதான் கஷ்டமான வேலை, எனக்குத் தெரியும். எனக்குப் படம் அனுப்புவதானால் செடியை அனுப்ப வேண்டாம். மண் ஒட்டிய சின்னக் கையை அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்