நான்காவது பங்காளி எங்கே?

ஓசி ஆஸ்போர்ன் 2025 ஜூலை 22 அன்று காலமானார். பர்மிங்ஹாம் நகர வீதியில் மக்கள் ஆயிரக்கணக்கில் கூடி அவரை வழியனுப்பினார்கள். நம் குடியிருப்புகளிலும் சில இளைஞர்கள் முகம் வாடித் திரிந்தார்கள். வெள்ளைக்காரன் போட்ட இரைச்சலுக்கு இத்தனை துக்கமா என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். அந்த இரைச்சல் எங்கே பிறந்தது என்று தெரிந்தால் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

பிளாக் சப்பாத் என்ற அந்த ஹெவி மெட்டல் குழுவை 1968இல் தொடங்கிய நால்வரும் பர்மிங்ஹாமின் ஆஸ்டன் வட்டாரத்துப் பிள்ளைகள். ஓசியின் தந்தை இரவு ஷிப்டுத் தொழிலாளி, தாய் லூகாஸ் ஆலைக்குப் போனவர். ஓசியே மாடு அறுக்கும் கூடத்தில் வேலை பார்த்தவர்தான். கிட்டார்க்காரர் டோனி அயோமியின் கதை இன்னும் நமக்கு நெருக்கமானது. அவருக்கு அப்போது 17 வயது. தகட்டு ஆலையில் அன்று கடைசி நாள். மதியம் வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போக விரும்பவில்லை. நாளை முடித்துவிட்டுத்தான் வரவேண்டும் என்று தாய் அனுப்பிவைத்தார். வராத ஆளுக்குப் பதிலாகப் பழக்கமில்லாத இயந்திரத்தில் அவரை நிறுத்தினார்கள். வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போயிற்று. இடது கைப் பழக்கமுள்ள அவருக்குத் தந்தியை அழுத்தும் கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனி செய்தார். அதன்மேல் பழைய தோல் சட்டையின் துண்டை ஒட்டினார். மெல்லிய தந்தி கட்டினார். பிறகு சுருதியையும் இறக்கினார். உலகம் ஹெவி மெட்டல் என்று கொண்டாடுகிற அந்தக் கனத்த நாதத்தில் ஒரு பாதி ஆலை விபத்து கொடுத்தது. பிரஸ் மெஷினுக்கு விரலைப் பறிகொடுத்துவிட்டு நஷ்டஈட்டுக்கு நடையாய் நடப்பவர்களை அறிந்த நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இந்தக் குழுவின் கடைசி ஆல்பத்தைப் பற்றி ரசிகர்களுக்குள் ஒரு வழக்கு இன்றும் தீரவில்லை. அதைப் பற்றியே எழுத வந்தோம்.

2011 நவம்பர் 11 அன்று நால்வரும் ஒன்றாக மேடையேறி, புது ஆல்பம் போடுகிறோம் என்று அறிவித்தார்கள். 2012 பிப்ரவரியில் டிரம் வாசிக்கும் பில் வார்டு வெளியே நின்றார். கையெழுத்துப் போடத் தகுந்த ஒப்பந்தம் தனக்குத் தரப்படவில்லை என்றார். மற்ற மூவரும் வருத்தம் தெரிவித்தார்கள், கதவு திறந்தே இருக்கிறது என்றார்கள், வேலையையும் நிறுத்தவில்லை. 2013 ஜூனில் ‘13’ என்ற அந்த ஆல்பம் வந்தது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விற்பனையில் முதலிடம்! இங்கிலாந்தில் 1970க்குப் பிறகு கிடைத்த முதலிடம். அமெரிக்காவில் அதுவே முதல்முறை.

ரசிகர்கள் பிளவுபட்டார்கள். 1978க்குப் பிறகு ஓசி குரலில் முழு ஆல்பம் கிடைத்ததே போதும் என்றது ஒரு கூட்டம். தயாரிப்பாளர் ரிக் ரூபின் பழைய முதல் ஆல்பத்தையே நகலெடுக்க வைத்துவிட்டார் என்றது இன்னொரு கூட்டம். ஒலியை ஒரே மட்டத்துக்கு அழுத்தி ஏற்ற இறக்கத்தைக் கொன்றுவிட்டார்கள் என்று காது கூர்மையானவர்கள் குறைபட்டார்கள். இவையெல்லாம் ரசனைச் சண்டை. அவரவர் காது, அவரவர் நியாயம்.

வார்டு எங்கே என்று கேட்டவர்களின் கேள்வி மட்டும் ரசனையோடு முடிவதல்ல. பாட்டைக் கேட்பதை விட்டுவிட்டுச் சம்பளக் கணக்குப் பார்க்கிறார்கள் என்று அவர்களைக் கேலி செய்தார்கள். நாம் அவர்கள் பக்கம் நிற்கிறோம். ஊர்த் திருவிழாவில் நாயனக்காரர் பழைய ஆள், தவிலுக்கு மட்டும் கூலிக்குப் பிடித்த ஆள் என்றால் நம் பாட்டிமார்கூடக் கண்டுபிடித்துவிடுவார்கள். வார்டு ஜாஸ் கேட்டு வளர்ந்த கை. அந்த ஊசலாட்டம்தான் அயோமியின் கனத்த தந்திக்கு நடை கொடுத்தது. அவர் இடத்தில் வாசித்த பிராட் வில்க் திறமைசாலி, அவர்மேல் குற்றமில்லை. (முதலாளித்துவத்தை எதிர்த்துப் பாடிய ‘ரேஜ் அகைன்ஸ்ட் தி மெஷின்’ குழுவிலிருந்து அவர் வந்தது ஒரு வேடிக்கை.)

இவர்களெல்லாம் பணக்காரர்கள், நாளுக்கு நாள் கூலி வாங்கும் நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். உண்மை, வார்டு பட்டினி கிடக்கவில்லை. அயோமிக்கு அப்போது புற்றுநோய் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது, காலம் கடத்த முடியாத அவசரம் இருந்தது என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் நாலு பேர் வியர்வையில் எழுந்த பெயரை மூன்று பேர் போட்டுக்கொண்டு, நாலாவது ஆளைக் கையெழுத்துப் போட்டால் வா, இல்லையேல் போ என்ற நிலையில் நிறுத்தலாமா? அதே ஆஸ்டன் தெருவில் வளர்ந்தவர்கள் இதைச் செய்ததுதான் நம்மை உறுத்துகிறது. 2013இல் ஓசி, வார்டின் உடம்பு கச்சேரிக்குத் தாங்காது என்றும் பேசினார். ஆளைக் கழிக்க உடம்பைக் காரணம் காட்டும் பேச்சை நாம் ஆலை வாசலில் நிறையக் கேட்டவர்கள்.

2017 பிப்ரவரி 4 அன்று பர்மிங்ஹாமில் நடந்த விடைபெறும் கச்சேரியிலும் வார்டு இல்லை. 2025 ஜூலை 5 அன்று, ஆஸ்டனில் அவர்கள் வளர்ந்த வீதிகளுக்கு அருகிலுள்ள வில்லா பார்க் மைதானத்தில், நால்வரும் சேர்ந்து நான்கு பாடல்கள் வாசித்தார்கள். ஓசியால் நிற்க முடியவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடினார். பின்னால் 77 வயது வார்டு டிரம் அடித்தார். பதினேழு நாளில் ஓசி போய்விட்டார். நால்வரும் சேர்ந்து முழு ஆல்பம் போட்டது 1978இல்தான் கடைசி.